சத்தம் பத்தலன்னு ஒரு கம்ப்ளைன்ட்

"தில்லைநாதன். செதம்பரம் வடக்கு வீதிக்குப் பின்னாடி சந்து. லேப்டாப்ல சத்தம் பத்தலையாம்." கடைக்காரர் ராஜவேல் சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "ரிட்டயர் ஆன பாட்டு வாத்தியாராம். நெட்டுல கர்நாடக சங்கீத ரேடியோ கேக்குறாரு. இன்னிக்கி சாயந்தரம் ஆறு மணிக்குள்ள சரி பண்ணியே ஆவணுமாம். சனிக்கெழம அதுவுமா யாரு அவ்ளோ தூரம் போறது?"

கழற்றிப் போட்ட கீபோர்டின் முன்னால் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வி நிமிர்ந்தாள்.

"நான் போறேண்ணே."

ராஜவேல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பக்கத்து நெல்லிக்குப்பம் போய்ப் பிரிண்டர் பார்த்துவிட்டு வா என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற பெண் இவள். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். அவள் பையில் சாமான்களை எடுத்து வைத்தாள். ஸ்க்ரூ டிரைவர் செட், டிரைவர் சிடி, டெஸ்ட் பண்ண ஒரு ஹெட்போன். எல்லாம் வைத்த பிறகு ஒயர் வெட்டுகிற கட்டரையும் எடுத்துப் போட்டாள். சத்தம் சரி பண்ணப் போகிறவளுக்குக் கட்டர் எதற்கு என்று ராஜவேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் தயாராக இருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து சிதம்பரம் பஸ். ஆலப்பாக்கம் தாண்டுகிறவரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஏழு வருடமாக இந்த மனிதர் மேல் அவளுக்கு இருக்கிற கோபம் சாதாரணக் கோபம் அல்ல. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2004இல் செல்விக்குப் பதினெட்டு வயது. புவனகிரிக்கு அந்தப்பக்கம் நாலு கிலோமீட்டரில் ஊர். பத்து வயதிலிருந்தே வாரத்துக்கு மூன்று நாள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு சிதம்பரம் வந்து தில்லைநாதனிடம் பாட்டுக் கற்றாள். அவருடைய மகள் பொன்னியும் இவளும் ஒரே வயது. ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே சுருதிப் பெட்டிக்குப் பாடி, ஒரே தட்டில் முறுக்குத் தின்று வளர்ந்தவர்கள். பிளஸ் டூ முடிந்ததும் சென்னையில் ஒரு இசைக் கல்லூரிக்கு இரண்டு பேரும் விண்ணப்பித்தார்கள், போய்ப் பாடிவிட்டும் வந்தார்கள்.

செல்வியின் ஊரில் தபால்காரர் வாய்க்கால் பாலத்து டீக்கடையோடு நின்றுவிடுவார். கடிதங்களைக் கட்டாக அங்கே வைத்துவிட்டுப் போவார், யார் கையில் எது போகுமோ தெரியாது. அதனால் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே முக்கியமான விண்ணப்பங்களில் வாத்தியார் வீட்டு முகவரியைத்தான் எழுதுவார்கள். "நம்ம வீட்டு அட்ரஸப் போடும்மா" என்று அவரே சொல்லுவார். செல்வியும் போட்டாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய முட்டாள்தனம் அந்த நாலு வரி முகவரிதான்.

பொன்னிக்கு இடம் வந்தது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை. அழுதுவிட்டு, கடலூரில் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து, மனசு கேட்காமல் சென்னைக்குப் போய் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் உடைந்தது. அங்கே இருந்த அம்மாள் கோப்பைப் புரட்டிவிட்டு, "ஒனக்குத்தானேம்மா மொத எடம் குடுத்தோம்? ரிஜிஸ்டர் தபால் போயிருக்கு, வாங்குனதுக்குக் கையெழுத்துப் போட்ட அட்டையும் திரும்பி வந்திருக்கு. நீதான் வரல. காத்திருக்குற லிஸ்ட்ல மொத ஆளா இருந்த பொன்னிங்கிற பொண்ணுக்கு அத மாத்திக் குடுத்தாங்க" என்றாள். அட்டையில் இருந்த கையெழுத்து தில்லைநாதனுடையது.

அன்றைக்கே சிதம்பரத்துக்கு வந்து நேருக்கு நேர் கேட்டாள். மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வாங்குனேன். அன்னிக்கே ஒங்கையில குடுத்தேனே, மறந்துட்டியா?" என்றார். அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து ஆமாம் என்று தலையாட்டினாள். மறுநாள் பொன்னி சென்னையிலிருந்து போன் பண்ணி, "லெட்டர வாங்கி வச்சுக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம நின்ன. இப்ப எங்கப்பா மேலயே பழி போடுறியா? இனிமே எம் மொகத்துல முழிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். செல்வி சொல்வதை நம்ப ஒரு ஆள் இல்லை. கையெழுத்து இருந்து என்ன பிரயோசனம்? வாங்கிக் கொடுத்தேன் என்கிறவரை என்ன செய்ய முடியும்? அவர் வாயால் அவரே சொன்னால்தான் உண்டு. அவர் ஏன் சொல்லப் போகிறார்?

அதனால்தான் கட்டர். ஸ்பீக்கர் ஒயரை உள்ளேயே நறுக்கிவிட்டு, "போர்டு போயிடுச்சு சார்" என்று கையை விரித்துவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம். அற்பமான திட்டம்தான். அற்பமாக இருந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைமைக்கு அவள் எப்போதோ வந்துவிட்டாள்.

கதவைத் திறந்த தில்லைநாதன் ஊன்றுகோலோடு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். அவரை அப்படிப் பார்த்ததும் பாவமாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. பாவமாக இல்லை, நிம்மதியாக இருந்தது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ரெட்டைச் சடையும் தாவணியுமாக வந்துகொண்டிருந்தவள் இப்போது சுடிதாரும் கண்ணாடியும் கழுத்தில் கடை அட்டையுமாக நின்றால் எப்படித் தெரியும்?

"வாம்மா வா. ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடுமா? எம்பொண்ணு புரோகிராம் இருக்கு."

கூடத்தில் மேஜை மேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர்கள். சுவரில் மாலை போட்ட மனைவியின் படம். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். பொன்னி இப்போது அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அங்கே தமிழர்கள் சேர்ந்து நடத்துகிற இணைய ரேடியோவில் சனிக்கிழமைதோறும் பாடுகிறாள், முன்னாடியே பதிவு பண்ணிக் கொடுத்துவிடுவாள். ஜனவரியில் இவர் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு மணி நேரம் கேட்பாரில்லாமல் கிடந்தார். சேதி தெரிந்து அவள் ஓடி வந்தபோது வாங்கிக் கொடுத்ததுதான் இந்த லேப்டாப்.

"ராவும் பகலும் இத ஆஃப் பண்ணாதீங்க, மூடியும் வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. எதுக்குன்னு தெரியல, நானும் அப்பிடியே வச்சிருக்கேன். காலைல ரேடியோ நல்லாக் கேக்குதும்மா. சாயந்தரமானா அமுங்கிப்போவுது. காதுதான் போச்சோன்னு டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன். புதுசா ஸ்பீக்கர் வாங்கி மாட்டியும் அதே கதைதான்."

செல்வி வேலையைத் தொடங்கினாள். ஒயரை நறுக்க வந்தவளானாலும் கை தானாகத் தொழிலைத்தான் செய்தது. மூலையில் இருக்கிற சத்தக் குறி முழுதாக ஏற்றியிருந்தது. ரேடியோ பக்கத்திலேயே தனியாக ஒரு சத்தக் கோடு இருக்கும், பலபேர் அதைப் பார்ப்பதில்லை. அதுவும் முழுசு. வால்யூம் மிக்ஸரைத் திறந்தாள், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனிக் கோடு, அதிலும் குறைவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி ஹெட்போனை மாட்டினாள். வயலின் எங்கோ அடுத்த தெருவில் வாசிப்பது போலக் கேட்டது. சவுண்ட் டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தாள்.

விண்டோஸ் ஆரம்பிக்கிற இசை ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. ரேடியோவைப் போட்டாள். வயலின் கூடத்தை நிறைத்தது. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார். செல்விக்கு எரிச்சல் வந்தது. கெடுக்க வந்த இடத்தில் சரி செய்து தொலைத்துவிட்டோமே என்று பையிலிருந்த கட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரோ தலையணையை வைத்து அமுக்கின மாதிரி வயலின் சட்டென்று உள்ளே போய்விட்டது. அவள் எதையும் தொடவில்லை. சத்தக் குறி முழுதாகத்தான் நின்றது.

"பாத்தியா? இதேதான். டெய்லி இந்நேரம்" என்றார் அவர்.

ஸ்பீக்கர் கெட்டால் இப்படி ஆகாது, டிரைவர் கெட்டாலும் ஆகாது. இணைப்பு வந்த பிறகு ஏதோ ஒன்று எழுந்து இதை அமுக்குகிறது. செல்வி கீழ்மூலையில் ஒளிந்திருந்த குறிகளை விரித்துப் பார்த்தாள். நெட் வழியாகப் பேசுகிற ஸ்கைப் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தாள்.

பொன்னி. அழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

வரும் அழைப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அதில் வைத்திருந்தது. மணிச் சத்தத்தையும் நிறுத்தியிருந்தது. லேப்டாப்பை ஏன் அணைக்கக் கூடாது என்று செல்விக்கு இப்போது விளங்கியது. அப்பா மறுபடி விழுந்து கிடப்பாரோ என்ற பயத்தில் பொன்னி தினமும் காலையில் எழுந்ததும் தன் பக்கத்து மைக்கை அடைத்துவிட்டு, இங்கே வீட்டில் கேட்கிற சத்தத்தை அங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் காலை இவருக்குச் சாயந்தரம். இவருக்கு அது தெரியாது. விண்டோஸ் ஏழுக்கோ ஒரு மரியாதைப் பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் வழியாக யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்தால், பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று மற்ற சத்தங்களையெல்லாம் எண்பது சதவீதம் குறைத்துவிடும். வேண்டாம் என்றால் ஒரு இடத்தில் ஒரு கிளிக் செய்தால் போதும், தீர்ந்தது.

செல்வி கிளிக் செய்யவில்லை. ஸ்கைப்பை மறுபடி ஒளித்து வைத்தாள். லேப்டாப்பை நாற்காலிப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள், மைக் அவர் முகத்தைப் பார்க்கும்படியாக. ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டர் எதற்கு? கடவுளே இறங்கிவந்து லைனைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஐயா, என்னத் தெரியுதா?"

அவர் உற்றுப் பார்த்தார். அந்த 'ஐயா'வை வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பார். முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"செல்வியா? கம்ப்யூட்டர் ரிப்பேரா பண்ணிக்கிட்டிருக்க? அடப்பாவமே. அவ்ளோ நல்ல கொரல விட்டுட்டியேம்மா."

அந்தப் பரிதாபத்தைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. குரலை நானா விட்டேன்? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்த லெட்டரு எங்கய்யா போச்சு?"

"அதான் அப்பவே சொன்னேனே. ஒங்கையில..."

"சரி. அப்ப நான் கெளம்புறேன்." பையின் ஜிப்பை இழுத்தாள். "சத்தம் ஏன் கொறையிதுன்னு கண்டுபுடிச்சிட்டேன். ஒரு நிமிஷ வேல. ஆனா செய்யமாட்டேன். நீங்க உண்மையச் சொன்னா செய்யிறேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தெட்டு.

"ஒங் கடக்காரனுக்கு போன் பண்ணுவேன்!"

"பண்ணுங்க. வேற ஆளு கடலூர்லேருந்து வந்து சேர்றதுக்குள்ள மணி எட்டாயிடும். பொன்னி பாடி முடிச்சிட்டுப் போயிருப்பா."

அவர் ஊன்றுகோலைத் தரையில் இரண்டு தடவை தட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். செல்வி நகரவில்லை.

"நான் யாருகிட்டய்யா சொல்லப்போறேன்? சொன்னாலும் யாரு நம்பப்போறா? அன்னிக்கே நம்பல. எனக்குத் தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

"அந்தத் தெருக்கதவச் சாத்து" என்றார் தில்லைநாதன்.

செல்வி போய்ச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்கிற கவலை அவருக்கு.

"வாங்குனது நாந்தான். பிரிச்சுப் படிச்சதும் நாந்தான். ஒனக்கு மொத எடம். பொன்னி காத்திருக்குற லிஸ்ட்டுல. நீ போவலன்னா அவளுக்கு. பத்து நாளு பீரோவுல துணிக்கு அடியில வச்சிருந்தேன், அப்பறம் அடுப்புல போட்டேன். போதுமா?"

"எங்கையில குடுத்தேன்னு பொன்னிகிட்ட ஏன் சொன்னீங்க?"

"வேறென்ன சொல்லச் சொல்ற? அவ போவமாட்டேன்னு நின்னா, செல்வி வராம நான் மட்டும் எப்பிடிப் போறதுன்னு. அதான் நீ திமிர் புடிச்சவ, ஒன்ன மதிக்கலன்னு சொல்லி அனுப்புனேன்." அவர் குரல் இப்போது ஏறிவிட்டது. ஒன்பது வருடம் பூட்டி வைத்ததைத் திறந்த மனிதருக்கு நிறுத்தத் தெரியவில்லை. "பெத்தவன் என்ன பண்ணுவான்? ஒனக்கென்ன, எங்க போனாலும் பொழச்சிக்குற கொரலு. அவளுக்கு என்ன இருந்துச்சு? ஒன் கொரல்ல பாதி இல்ல அவளுக்கு. எனக்குத் தெரியாதா? நான் சொல்லிக்குடுத்தவன். இன்னிக்கும் அவ பாட்டு வந்தா பெருமையாதான் கேக்குறேன், ஆனா ஒவ்வொரு வாரமும் இந்த எடத்துல செல்வி இருந்தா எப்பிடிப் பாடியிருப்பான்னுதான் நெனச்சிக்கிறேன்."

இந்தக் கடைசியைச் சொல்லும்படி செல்வி கேட்கவில்லை. லெட்டர் விஷயம் மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. நடுவில் கையை நீட்டி நிறுத்தியிருக்கலாம், லைனையாவது அறுத்திருக்கலாம். செய்யவில்லை. எல்லாம் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் மனசு அப்போது அவ்வளவு நல்ல மனசாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"பொன்னி, கேட்டுச்சா?" என்றாள்.

"யாருகிட்ட பேசுற?" என்றார் தில்லைநாதன்.

ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். அங்கே மைக்கைத் திறக்கிறாள். பிறகு பொன்னியின் குரல், அமுங்காமல், கூடத்தின் நடுவில் நின்று பேசுவது போல வந்தது.

"கேட்டேன் செல்வி."

தில்லைநாதன் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "பொன்னி? எங்கேருந்தும்மா? எப்ப... எப்பலேருந்து..."

"நீங்க விழுந்துடுவீங்களோன்னு டெய்லி காலைல கேட்டுக்கிட்டிருக்கேம்ப்பா." அங்கே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "பாதிகூட இல்லையாப்பா எனக்கு?"

"இல்லம்மா, அது வந்து, இவ என்ன மடக்கி..."

லைன் அறுந்தது. யாரும் பேசவில்லை என்று தெரிந்ததும் விண்டோஸ் தன் கையை எடுத்துவிட்டது. ரேடியோ ஒரே தாவலில் மேலே வந்தது. வயலினும் மிருதங்கமும் கல்பனாஸ்வரத்தின் உச்சியில் இருந்தன. சுவரில் மாட்டியிருந்த படம் அதிர்ந்தது.

"கூப்புடு. அவளத் திருப்பிக் கூப்புடு" என்று கத்தினார். மேஜையைப் பிடித்துக்கொண்டு வந்து திரையில் கண்ட இடத்தையெல்லாம் விரலால் குத்தினார். "எனக்கு இதுல கூப்புடத் தெரியாது செல்வி. எப்பவும் அவதான் கூப்புடுவா. போன்ல ஐ.எஸ்.டி.யும் இல்ல. எத அமுக்கணும்னு மட்டும் சொல்லு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

எதை அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பச்சை நிறத்தில், கண்ணுக்கெதிரே, ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. செல்வி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"சத்தம் பத்தலன்னுதான் கம்ப்ளைன்ட் குடுத்தீங்க சார். சத்தம் வந்துடுச்சு."

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். சந்தில் இறங்கி நடந்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க ஒன்றும் இல்லை. பொன்னியின் 'பாதிகூட இல்லையாப்பா' மட்டும் கூடவே வந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இன்றைக்கு இது என்னுடையது என்று அதை ஒதுக்கினாள்.

பத்தடி போயிருப்பாள். ஆறு மணி ஆகிவிட்டது போல. அறிவிப்பாளர் பொன்னி தில்லைநாதன் என்று பெயர் சொல்வதும், அதைத் தொடர்ந்து தம்பூராவும், ஆலாபனையும் சாத்தாத கதவு வழியாகச் சந்து முழுக்கக் கேட்டன. உள்ளே அந்தக் கிழவர் சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் அது குறையவே இல்லை. செல்வி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, தொழில் தெரிந்தவளாக, நாலைந்து சங்கதிகளைக் கேட்டாள்.

பாதி என்று சொன்னது அநியாயம். முக்கால் இருக்கும்.